பூட்டிய நூலும் வாங்கும் மனமும்

விலைகொடுத்துப் பெற்ற பொருள் பெற்றவனுக்கே உரியது என்பது சந்தையின் பழைய நியதி. இலத்திரனியல் நூலின் வருகையோடு இந்நியதி தளரலாயிற்று. பிரதியெடுத்தலைத் தடுக்கும் பொருட்டு நூலுக்கு இடப்படும் மின்பூட்டு, வாசகனை உடைமையாளன் என்ற நிலையினின்று இறக்கி, வாசிக்க அனுமதி பெற்றவனாக ஆக்கிவிடுகின்றது.

இதன் விளைவை இரு நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. 2009 யூலையில் அமேசன் நிறுவனம், உரிமையற்ற ஒருவரால் விற்பனைக்கு விடப்பட்டவை எனக் கூறி, ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ முதலான நூல்களை வாசகரின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பணம் மீளளிக்கப்பட்டது, நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கோரினார். 2019 இல் மைக்றோசொப்ற் தனது நூற்கடையை மூடியபோது, அங்கு வாங்கப்பட்ட நூல்கள் யாவும் வாசிக்க இயலாதனவாயின. விலை திரும்பிற்று, ஓரக்குறிப்பு எழுதியோருக்கு 25 டொலர் ஈடும் கிடைத்தது. ஆனால் குறிப்புக்குரிய பக்கம் திரும்பவில்லை. இன்று வாங்கியது நாளை இருக்குமா என ஐயுறுபவன் வாங்கத் தயங்குதல் இயல்பே.

எழுத்தாளனின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்ற வாதம் நியாயமானது. எனினும் பூட்டு அவ்வூதியத்தைக் காக்கின்றதா என்பதே வினா. எவரேனும் ஒருவர் ஒரு பிரதியின் பூட்டை உடைத்துவிட்டால், திருடுவோர் அனைவருக்கும் அது போதும். எஞ்சிய பூட்டுகள் நேர்மையாக வாங்கியோரிடமே தங்கிவிடுகின்றன. 2012 இல் விஞ்ஞானப் புனைகதைகளை வெளியிடும் டோர் நிறுவனம் தன் நூல்களின் பூட்டை அகற்றிற்று. ஓராண்டின் பின்னர், திருட்டு குறிப்பிடத்தக்க அளவு பெருகவில்லை என அதன் பிரித்தானியப் பிரிவு தெரிவித்தது.

பூட்டிய நூல்களைப் பலர் இன்றும் வாங்குகின்றனரே எனலாம். உண்மைதான். ஒரே கடையில் வாங்கி, அக்கடையின் கருவியிலேயே வாசிப்பவனுக்குப் பூட்டு புலப்படுவதில்லை. வேறு கருவிக்கு மாற முனையும்போதே அது உறுத்துகின்றது. ஆகவே, பூட்டு காப்பது எழுத்தாளனைக் காட்டிலும் கடையையே எனக் கருத இடமுண்டு.

கலிபோர்னியாவில் 2025 இல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, அனுமதியை மாத்திரம் விற்போர் அதனைத் தெளிவாகக் கூறாது ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என விதிக்கின்றது. இது சொல்லைத் திருத்துமேயன்றி நிலைமையைத் திருத்தாது. வாசகன் வாங்க முன்வர வேண்டுமாயின், வாங்கியது அவனுடையதாக வேண்டும்.