பின்தங்கியவரா, பிற்படுத்தப்பட்டவரா?

ஆங்கிலத்திலே 'பேக்வேர்ட்' என்றோர் அடைமொழி உண்டு. பள்ளிப் பிள்ளையும் அறிந்த எளிய சொல். பின்னோக்கி நடப்பதற்கும் அதுவே. மந்தமாகப் படிக்கும் சிறுவனைக் குறிக்க அந்நாள் ஆசிரியர்கள் ஆண்டதும் அதுவே! அச்சொல்தான் அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவில் ஏறி அமர்ந்தது. கோடிக்கணக்கானோர் நெற்றியில் முத்திரையாய் விழுந்தது. எதில் பின்? எவருக்குப் பின்? எவரால் பின்? சொல் வாய் திறக்கவில்லை.

1948 நவம்பர் 30 அன்று அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் பலர் இதற்கு வரையறை கேட்டனர். வழக்கறிஞர்களுக்கு இது சொர்க்கமாகும் என்ற பொருள்பட எள்ளினார் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. எந்தச் சமூகம் பிற்பட்டது என்பதை அந்தந்த அரசே முடிவு செய்யும் என்று விடையிறுத்தார் அம்பேத்கர். எள்ளல் பலிக்கவே செய்தது! 1951இல் சண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி ஆணை வீழ்ந்தது, தமிழகம் பொங்கியது, முதல் திருத்தம் பிறந்தது. அத்திருத்தம் அடைமொழிக்கே ஓர் அடைமொழி தந்தது: 'சமூக, கல்வி வழியில்' பிற்பட்டோர். 'பொருளாதார' என்பதையும் சேர்க்கச் சொன்னவர்கள் அன்றே இருந்தனர், நாடாளுமன்றம் மறுத்தது.

எங்கள் ஓசூருக்கு அக்கரையில், மைசூரில், 1918இல் அமைந்த மில்லர் குழுவுக்குப் பிற்பட்டோர் என்றால், பிராமணர் நீங்கலாக, அரசுப் பணியில் போதிய இடம் பெறாத சமூகங்கள். அதே மைசூர் அரசு 1962இல் 68 விழுக்காடு ஒதுக்கி, 'பிற்பட்டோர்', 'மேலும் பிற்பட்டோர்' எனப் பிரித்தபோது, பாலாஜி வழக்கில் உச்சநீதிமன்றம் அப்பிரிவினையே செல்லாது என்றது. முப்பதாண்டு கழித்து, 1992இல், இந்திரா சாகினி வழக்கில் அதே நீதிமன்றம் அத்தகைய பிரிவினை செல்லும் என்றது. சொல் மாறவில்லை, பொருள் மாறிற்று!

மும்மொழி ஒலிக்கும் ஊர் எங்களுடையது. கன்னடத்தார் இச்சொல்லை 'ஹிந்துளித' என்பர்; பின்னே நின்றுவிட்ட என்பது பொருள். தெலுங்கில் 'வெனுகபடின', பின்னே விழுந்துவிட்ட. நின்றது யார் குற்றம்? விழுந்தது யார் குற்றம்? நின்றவன், விழுந்தவன் குற்றமே போலும்! தமிழிலும் பிற்பட்டோர், பின்தங்கியோர் என்று எழுதியே வந்தோம். பின்னரே 'பிற்படுத்தப்பட்டோர்' என்ற சொல் நிலைத்தது. 'பிற்பட்ட' என்பது தன்வினை. 'பிற்படுத்திய' என்பது பிறவினை. 'பிற்படுத்தப்பட்ட' என்பது செயப்பாட்டுவினை. பின்னே தள்ளிய கை ஒன்று உண்டு என்று இலக்கணமே சாட்சி சொல்கிறது. மொழிபெயர்ப்பு மூலத்தைத் திருத்தியது என்பேன். நீளமான சொல்தான், ஆயினும் நேர்மையான சொல்.

இதே அடைமொழியை மண்ணுக்கும் சூட்டினர். தொழிலில் பின்தங்கிய வட்டாரம் என்று 1970களில் ஓசூரில் சிப்காட் வளாகம் எழுந்தது. பிற்பட்ட பகுதி என்பதற்காக மானியம் வந்தது, சலுகை வந்தது. டைட்டன் வந்தது, அசோக் லேலண்டு வந்தது. "இந்த மண்ணுக்குத் தகுதி உண்டா, திறமை உண்டா?" என்று எந்த முதலாளியும் வழக்காடவில்லை! மண் பிற்பட்டால் மானியம். மனிதன் பிற்பட்டால் மட்டும் தகுதி, திறமை என்ற கூக்குரல்! ஈதென்ன நீதி? அன்று மறுக்கப்பட்ட பொருளாதார அளவுகோலும் 2019இல் 103ஆம் திருத்தமாக நுழைந்தது. அங்கே எழுதிய அடைமொழி எது? 'நலிவுற்ற'. முன்னேறியவருக்கு மட்டும் எவ்வளவு மென்மையான சொல்!

எனினும், தோழர்களே, நம் சொல்லிலும் ஓர் ஓட்டை உண்டு. செயப்பாட்டுவினையில் எழுவாய் ஒளிந்துகொள்ளும். பிற்படுத்தியவர் யார் என்று சொல் கூறாது. ஆரியம், வருணம் என்று நாம் விடை நிரப்பிக்கொள்கிறோம், அது சரியே. ஆனால் 'தாழ்த்தப்பட்டோர்' என்பதும் செயப்பாட்டுவினைதானே? அங்கே எழுவாய் யார்? 2012 நவம்பர் 7 அன்று, எங்கள் கிருஷ்ணகிரியின் தாய் மாவட்டமான தருமபுரியில், நத்தம் காலனி எரிந்தது. எரித்தவர்கள் அக்கிரகாரத்திலிருந்து வரவில்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்ற கைகளே தீ வைத்தன. அந்த வாக்கியத்துக்கு எழுவாய் எழுத நம் ஏடுகள் ஏன் தயங்குகின்றன?