செல்லின் பின்பக்கம்

கலிஃபோர்னியாவில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் டோப்பி தொங்கிக்கொண்டிருந்தான். வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' படத்தில் தாடியும் பேச்சும் இல்லாத அந்த ஏழாவது குள்ளன். அச்சடித்த படம் இல்லை, அசல் செல். அதாவது, 1937இல் அந்தப் படத்துக்காகவே கையால் எழுதி, வண்ணம் தீட்டிய செல்லுலாய்டுத் தாள். நண்பர் அதைச் சுவரிலிருந்து இறக்கி என் மடியில் வைத்துவிட்டு, "மெதுவா பிடிங்க. காரைக்கூட யார்கிட்டயும் சாவியோட குடுத்துடுவேன், இதைக் குடுக்க மாட்டேன்" என்றார்.

அருகில் வைத்துப் பார்த்தேன். மைக்கோடு தலைமுடி அளவுக்கு மெலிந்து, ஓரிடத்திலும் நடுங்காமல் போகிறது. பச்சை அங்கியின் ஓரத்தில் மட்டும் வண்ணம் வறண்ட ஏரிப் படுகைபோல வெடித்திருந்தது. பின்னணியில் காடும் இல்லை, குடிசையும் இல்லை. மெல்லிய மரத்தகடு ஒன்றின் ரேகைகள் மட்டும் தெரிந்தன. படத்தை எத்தனை முறை பார்த்தாலும் டோப்பி இப்படியொரு மரப்பலகையின் முன்னால் நிற்கும் காட்சி கிடைக்காது. இந்தச் சேகரிப்புப் பழக்கத்தின் நல்லது கெட்டது இரண்டும் அந்த மரத்தகட்டிலேயே தொடங்குகின்றன.

செல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும். அனிமேட்டர் காகிதத்தில் பென்சிலால் வரைவார். அந்தக் காகிதத்தின்மேல் கண்ணாடி போன்ற தாளை வைத்து, கோடுகளைப் பேனா மையால் அப்படியே எடுப்பார்கள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வண்ணம் நிரப்புவார்கள். முன்னால் பார்த்தால் வழவழவென்று இருக்கும் நிறம், பின்னால் திட்டுத் திட்டாக அப்பியிருக்கும். தனியே வரைந்த பின்னணி ஓவியத்தின்மேல் இந்தத் தாளை வைத்துப் படமெடுத்தால் ஒரு ஃபிரேம் முடிந்தது. நொடிக்கு 24 ஃபிரேம், 83 நிமிடப் படம் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1,20,000 ஃபிரேம்கள் வருகின்றன. திரையில் ஒரு செல்லின் ஆயுள் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. காமிரா 'கிளிக்' என்றதும் அதன் வேலை தீர்ந்தது. அந்தக் காலத்துக் குறும்படங்களுக்கு வரைந்த செல்களைக் கழுவித் துடைத்து அடுத்த படத்துக்கே பயன்படுத்தினார்கள். யாரும் அதைக் கலைப்பொருளாக நினைக்கவில்லை.

நினைத்தவர் சான்ஃபிரான்சிஸ்கோவில் கேலரி நடத்திய கத்ரி கூர்வாஸியே. 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கார்த்தே சர்க்கிள் தியேட்டரில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு செல்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஐந்து டாலரில் தொடங்கிச் சில பத்து டாலர்வரை விலை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமே ஒன்றைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கு வாய்த்தது ஸ்னோ ஒயிட்டும் இல்லை, குள்ளனும் இல்லை. சூனியக் கிழவியின் சாவுக்குக் காத்திருக்கும் இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள்! அருங்காட்சியகத்துக்குப் பொருத்தமான பறவைதான்.

கூர்வாஸியே செய்த உபகாரம் பெரிது. அவர் வந்திருக்காவிட்டால் கழுவியோ எறிந்தோ போயிருக்கக்கூடிய தாள்கள் வீடுகளின் சுவரில் ஏறித் தப்பின. ஆனால் தப்பவைத்த விதத்தைப் பாருங்கள். பல செல்களில் உருவத்தின் ஓரத்தையொட்டிக் கத்தரித்து எடுத்து, மரத்தகட்டிலோ புள்ளி போட்ட காகிதத்திலோ ஒட்டிவிட்டார்கள். தாளின் விளிம்பில் இருந்த காட்சி எண், பொருத்துவதற்கான துளைகள் எல்லாம் கத்தரிக்கோலோடு போயின. இந்தப் பாத்திரம் எந்தக் காட்சியில், யாரோடு, எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்று சொல்லும் தடயம் அறுந்தது. இதற்காக அதைப் போலி என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படி ஒட்டிய 1938இன் கூர்வாஸியே 'செட்-அப்' தன்னளவில் ஒரு வரலாற்றுப் பொருள்தான். அதைப் 'படத்தில் வந்த காட்சி' என்று விற்பது மட்டுமே பொய்.

காப்பாற்றிய கைகள் வேறும் உண்டு. ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜான் பாஸ்மஜியன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்த செல்களும் பின்னணிகளும் 1984இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு விலை தலைகால் புரியாமல் ஏறியது. 1989இல் டிஸ்னியின் ஒரு கறுப்பு வெள்ளைக் குறும்படத்தின் செல்லும் பின்னணியும் 2,86,000 டாலருக்குப் போயின. இதைப் பணக்காரர்களின் பித்து என்று பலர் சிரித்தார்கள். நான் சிரிக்க மாட்டேன். பணம் என்று ஆன பிறகுதான் பரணில் கிடந்தவை கீழே இறங்கின. தாத்தாவின் 'கார்ட்டூன் தாளை' குப்பைக்காரரிடம் போடப்போன பேரன்கள் ஒரு நிமிடம் நின்றார்கள். பாசத்தால் மட்டும் இத்தனை பொருள் பிழைத்திருக்காது.

ஆனால் அதே பணம் எதைத் தேடித் தேடி வாங்குகிறது? சந்தையின் விதிகள் எளியவை. கண் திறந்திருக்க வேண்டும். முழு உருவம் வேண்டும், இடுப்போடு நின்றால் விலை இறங்கும். முகம் நம்மைப் பார்த்திருந்தால் உத்தமம். கண் மூடிய செல்லென்றால் வியாபாரி உதட்டைப் பிதுக்குவார். சுருக்கமாகச் சொன்னால், பெண் பார்க்கப் போகிறவர் ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவைக் கேட்பதுபோல.

அனிமேஷன் என்ற கலையின் உயிர் நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. டோப்பி ஓடும்போது ஒரு ஃபிரேமில் அவன் உடம்பு ரப்பராக இழுபடும், அடுத்ததில் பூசணிக்காயாக நசுங்கும், முகம் கோணும். நிறுத்திப் பார்த்தால் அசிங்கம். ஓடவிட்டால் அந்த அசிங்கம்தான் எடை, வேகம், சிரிப்பு எல்லாம். டிஸ்னி அனிமேட்டர்கள் ஆண்டுக்கணக்காகத் தேடிக் கண்டடைந்த வித்தை அந்த நசுங்கலும் நீளலும்தான். சேகரிப்பாளரோ அந்த ஃபிரேமை ஒதுக்கிவிட்டு, ஓட்டம் தொடங்குமுன் அவன் நின்று முழிக்கும் ஃபிரேமுக்குப் பத்து மடங்கு கொடுக்கத் தயார். இப்படியே பல பத்தாண்டுகள் பொறுக்கினால் என்ன மிஞ்சும்? அசைவதற்காகவே பிறந்த ஒரு படத்தின் நினைவாக, அசையாத முகங்களின் வரிசை. இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது என் கட்சி. போலியும் விலையும் இதற்குப் பிறகுதான்.

பென்சில் வரைபடங்களில் இது இன்னும் கொடுமை. அவற்றின் மூலையில் வரிசை எண் இருக்கும், ஓரத்தில் துளைகள் இருக்கும். பன்னிரண்டு தாளை அடுக்கி விரலால் விசிறினால், எண்பத்தைந்து ஆண்டுக்கு மேல் கழிந்தும் குள்ளன் உங்கள் கையில் தும்முவான். அந்தக் கட்டைப் பிரித்துத் தாள் தாளாக விற்றால் லாபம் அதிகம், அதனால் பிரிக்கிறார்கள். கொலுவின் கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரரை ஒரு வீட்டுக்கும் மணப்பெண்ணை ஒரு வீட்டுக்கும் விற்றதுபோல.

அடுத்தது பெயர் விவகாரம். ஏலக் குறிப்புகளைப் படித்தால் கிரம்பி என்றால் பில் டிட்லா, கிழவி என்றால் நார்ம் ஃபெர்குசன் என்று அனிமேட்டர் பெயர் வரும், பெயருக்கேற்ப விலையும் வரும். அவர்கள் மேதைகள், மறுப்பில்லை. ஆனால் அவர்கள் தொட்டது காகிதத்தைத்தான். சட்டம் போட்டு மாட்டியிருக்கும் செல்லில் இருக்கிற ஒவ்வொரு கோடும், ஒவ்வொரு நிறமும் 'இங்க் அண்ட் பெயின்ட்' பிரிவில் வேலை செய்த பெண்களுடையவை. ஸ்னோ ஒயிட்டின் கன்னச் சிவப்பைக்கூடச் செல் செல்லாக அவர்கள்தான் கையால் ஒற்றினார்கள். மையெழுதி வண்ணம் நிரப்பியவர்களுக்கென்று படத்தின் டைட்டிலில் ஒரு வரிகூட இல்லை.

இதற்கு ஒரு சாட்சியும் நினைவுப்பொருளாகவே பிழைத்திருக்கிறது. 1938இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு ஸ்டுடியோ அனுப்பிய மறுப்புக் கடிதம். கார்ட்டூன் தயாரிப்பில் படைப்பு சார்ந்த வேலையைப் பெண்கள் செய்வதில்லை, அது முழுக்க இளைஞர்கள் செய்வது, பெண்களுக்குள்ளது மையெழுதுவதும் வண்ணம் நிரப்புவதும்தான் என்று அதில் விளக்கியிருந்தார்கள். கடிதத்தாளின் ஓரத்தை அலங்கரிப்பவர்கள் ஸ்னோ ஒயிட் படத்துப் பாத்திரங்கள்! குடும்பத்தில் யாரோ அந்த ஒற்றைத் தாளைக் கிழித்தெறியாமல் வைத்திருந்ததால் இன்று நாம் படிக்கிறோம். என்னைக் கேட்டால், கண் திறந்த நூறு டோப்பிகளை விட அந்தக் கடிதம் கனமானது. சேகரிப்பின் பலத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படத்தையொட்டி விற்ற பொம்மைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்னியின் வியாபார உரிமங்களைக் கவனித்த கே கேமன் கெட்டிக்காரர். சீபர்லிங் நிறுவனத்தின் ரப்பர் குள்ளர்கள், துணிப் பொம்மைகள் என்று படத்தின் பெயரில் ஏகப்பட்ட சரக்கு வந்தது. குழந்தைகள் விளையாடித் தேய்த்தவை போக மிஞ்சியவைதான் இன்று அரிது. பெட்டி பிரிக்காத பொம்மைக்கே மதிப்பு, அதாவது எந்தக் குழந்தையும் தொடாததற்கு. ரப்பரோ யாரும் தொடாமலேயே இறுகி வெடிக்கிறது.

வெடிப்பது ரப்பர் மட்டும் இல்லை. அந்தக் காலத்துச் செல் நைட்ரேட் தாள், பழைய சினிமாச் சுருளின் உடன்பிறப்பு. தானாகவே மெல்ல மெல்லச் சிதையும், மஞ்சளாகும், சுருங்கும், அமிலவாயுவைக் கக்கும். பின்னால் வந்த அசிடேட் தாளும் யோக்கியம் இல்லை, கெட ஆரம்பித்தால் வினிகர் நாற்றம் அடிக்கும். பொக்கிஷம் என்று நினைத்துக் காற்றுப் புகாமல் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டால், கக்கிய வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றித் தாளை இன்னும் வேகமாகத் தின்னும். பாசத்தால் மூச்சை அடைத்துக் கொல்வது என்றால் இதுதான். கெட்டி கன்சர்வேஷன் இன்ஸ்டிடியூட் 2009இல் தொடங்கி டிஸ்னியின் அனிமேஷன் ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து இந்தச் சிதைவை ஆராய்ந்தது. கழன்றுவரும் வண்ணத்தை, சுற்றியுள்ள ஈரப்பதத்தைக் கட்டுப்பாடாகக் கூட்டியே மறுபடி ஒட்டவைக்கும் வழியை அங்கே சோதித்தார்கள். புது வண்ணம் ஒரு சொட்டும் வேண்டாம். சந்தையில் நடப்பதோ வேறு: வெடித்ததைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்து, 'ரெஸ்டோர்' செய்தது என்று விற்பது. சுரண்டிய பிறகு அங்கே இருப்பது யார் கை வேலை?

ஏமாற்றும் உண்டு. பிற்காலத்தில் விற்பனைக்கென்றே அச்சடித்த 'செரிசெல்'களை அசல் என்று தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பளபளப்பான சான்றிதழைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு சோதனை மட்டும் நினைவில் இருக்கட்டும். பென்சில் கோட்டை நேராகச் செல்லுக்கு மாற்றும் ஜெராக்ஸ் முறையை டிஸ்னி முதன்முதலில் ஒரு முழுநீளப் படம் முழுவதற்கும் பயன்படுத்தியது 1961இன் '101 டால்மேஷன்ஸ்' படத்தில்தான். ஸ்னோ ஒயிட் செல்லில் ஜெராக்ஸின் சொரசொரப்பான கோடு தெரிந்தால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

இத்தனை குறை சொன்ன பிறகும் சேகரிக்காதீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்டீபன் ஐசன் என்பவரின் ஸ்னோ ஒயிட் தொகுப்பை வைத்து இண்டியானாபோலிஸ் கலை அருங்காட்சியகம் 1994இல் கண்காட்சி நடத்திப் புத்தகமும் வெளியிட்டது. படம் எப்படி உருவானது என்பதைத்தான் அந்தப் புத்தகம் பேசுகிறது. தனி ஆளின் அலமாரியில் இருந்தது பொது அறிவானது. பொருளை வைத்திருப்பதும், அது சொல்வதைப் பிறர் கேட்கவிடுவதும் வேறு வேறு வேலை. இரண்டாவதையும் செய்கிறவரையே நான் சேகரிப்பாளர் என்பேன். மற்றவர் சொத்து வைத்திருப்பவர், அவ்வளவுதான்.

நண்பர் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மடியிலிருந்த டோப்பியை மெல்லத் திருப்பினேன். பின்பக்கம் புத்தம்புது அட்டை, சுற்றிலும் பளிச்சென்று டேப்.

"கூர்வாஸியே லேபிள் ஒட்டியிருக்குமே, எங்கே?"

"இருந்துச்சு. பழுப்பேறி, கிழிஞ்சு, யாரோ பென்சில்ல என்னமோ எழுதியிருந்தாங்க. ஃபிரேம் மாத்தினப்ப அழுக்கா இருக்குன்னு கடைக்காரர் எடுத்துப் போட்டுட்டார். நானும் கேக்கல."

பென்சிலில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு நினைவில்லை. உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ இப்படி ஒரு பழைய செல் இருந்தால், சட்டம் மாற்றக் கொடுக்குமுன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பழைய அட்டையையும் லேபிளையும் அழுக்கோடு அப்படியே திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.