மார்கழி மத்தியானமும் ‘மிகக் கடும் வெப்ப அயர்ச்சி’யும்: செம்மறிக் கிடாய்க்கான ஓர் அளவுகோல்

டிசம்பர் மாசத்து மத்தியானம், காரிமங்கலம். வெப்பம் 28 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம்னு வைச்சுக்குங்க. நமக்கு அது இதமான வெயில். ஆனா செம்மறி ஆட்டு ஆய்வுகளில் சர்வசாதாரணமாக எடுத்தாளப்படும் ஒரு சூத்திரத்தில் இந்த ரெண்டு எண்ணையும் போட்டால் விடை 25.9. அந்த அளவுகோலின்படி 25.6-ஐத் தாண்டினாலே ஆடு ‘மிகக் கடும் வெப்ப அயர்ச்சி’யில் இருக்கிறது. அதாவது மார்கழியிலேயே நம்ம ஆட்டுக்கு உச்சகட்டம் வந்தாச்சு!

சூத்திரம் இருப்பது எகிப்தைச் சேர்ந்த மராய் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில். வெப்பம் செம்மறியின் உடலை என்ன செய்கிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிய கட்டுரை அது. குப்பைன்னு சொல்ல வரலை. சுவாசம், தீவனம் என்று எல்லாத்தையும் ஒரே இடத்தில் பார்க்க அது உதவும். என் சண்டை அந்த அளவுகோலோடுதான். கூடவே, அதை நம்ம ஊர் ஆட்டு மேல அப்படியே சாத்துகிறவர்களோடும்.

மே மாசத்துக்கு வருவோம். 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம்: விடை 32.9. மார்கழி மத்தியானத்தின் 25.9-உம் அக்னி நட்சத்திரத்தின் 32.9-உம் ஒரே பெட்டிக்குள் விழுகின்றன. மே மாச ராத்திரி 25 டிகிரி, 70 சதவீதம் என்று எடுத்தாலும் 24.0 வருது. அதுவும் ‘கடும்’ அயர்ச்சி. எல்லா நாளையும் ஆபத்து என்று சொல்லும் அளவுகோல், எந்த நாள் உண்மையான ஆபத்து என்று சொல்லாது. வெயில் நேரடியாகப் படுவது, காற்று வீசுவது, ஆடு எத்தனை மைல் நடந்தது, உடம்பில் இருப்பது கம்பளியா முடியா, இது எதுவும் கணக்கில் இல்லை. மேச்சேரி ஆடு கம்பளி இல்லாத முடி ஆடு. அடர்ந்த கம்பளிக்குள் வாழும் ஆட்டுக்கும் அதுக்கும் ஒரே கோடு போட முடியுமா?

இது கிடாய்க்கு ஏன் முக்கியம்? செம்மறியின் உடல் வெப்பம் 39 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். விதைகள் அதைவிட 4 முதல் 6 டிகிரி குறைவாக இருந்தால்தான் உயிரணு ஒழுங்காக உருவாகும். அதுக்குத்தான் விதைப்பை வெளியே தொங்குது. உள்ளே போகும் ரத்தத்தை வெளியே வரும் ரத்தம் குளிர வைக்குது. தோல் வியர்க்குது. வெயிலில் பை இறங்கித் தளரும், குளிரில் மேலே ஏறிச் சுருங்கும். 1962-இல் வெய்ட்ஸ் என்ற ஆய்வாளர் கிடாயின் விதைப்பையை மட்டும் சூடாக்கிப் பார்த்தார். கிடாய் இளைக்க ஆரம்பித்தது, உடல் வெப்பம் இறங்கியது. உடம்பு முழுக்கக் குளிர்ந்தாலும் பரவாயில்லை, விதை சூடாகக் கூடாது என்பது போல. எனக்குப் பிடித்த பரிசோதனை இது. இப்படி ஒரு தற்காப்பு இருக்கும்போது, காற்றின் வெப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு விதையின் வெப்பத்தை ஊகிக்க முடியாது. விதைப்பைத் தோலில் வெப்பமானியை வைக்கணும்.

தற்காப்பு தோற்றால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமில்லை. உருவாகிக்கொண்டிருக்கும் அணுக்கள் சாகும். உருவம் கெட்ட அணுக்கள் கூடும், ஓட்டம் குறையும். சூட்டால் அணுக்கள் கெடுவதற்குக் காரணம் பிராணவாயுப் பற்றாக்குறை என்று ரொம்ப காலம் பாடம் சொன்னார்கள். கனடாவின் கால்கரியில் காஸ்டெலிக் குழுவினர் கிடாய்களிலும் மற்ற விலங்குகளிலும் செய்த சோதனைகளுக்குப் பிறகு அது ஆட்டம் கண்டிருக்கு. வெப்பமே நேரடியாகக் கெடுக்குது என்பது அவங்க வாதம். எனக்கும் அதுதான் பொருந்துவதாகப் படுது.

கெட்டது உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். கிடாயில் ஒரு உயிரணு உருவாக ஏறக்குறைய 7 வாரம், அப்புறம் குழாயில் முதிர்ந்து வெளியே வர இன்னும் ரெண்டு வாரம் வரை ஆகும். மே 28-இல் அக்னி நட்சத்திரம் முடியுது. அன்னைக்குச் சூடு பட்ட அணுக்களின் கடைசித் தொகுதி வெளியேற ஜூலை கடைசி ஆயிடும், அதாவது ஆடி. கோடை மழைக்குப் பிறகு புல் முளைத்து, பெட்டை ஆடுகள் பருவத்துக்கு வரும் நேரமும் இதுதான். வானம் குளிர்ந்திருக்கும், கிடாய் துடிப்பா ஏறும். ஆசைக்கும் உயிரணுவுக்கும் ஒரே அளவில் அடி விழணும்னு இல்லையே. சினை நிக்கலைன்னா பழி பெட்டை மேல. ‘மலடு’ன்னு சந்தைக்கு ஓட்டிடுவாங்க. இல்லேன்னா கிடாயையே கறிக்குக் கொடுத்துடுவாங்க, இன்னும் ஆறு வாரம் பொறுத்திருந்தா தேறியிருக்கும் கிடாயை. காரிமங்கலம் வாரச்சந்தையில் கிடா வாங்குறவங்க பல் பார்ப்பாங்க, முதுகை அழுத்திப் பார்ப்பாங்க. விதையைப் பிடிச்சுப் பார்க்கிறவங்க குறைவு. ரெண்டும் சமமா, கெட்டியா, தொய்வா என்பது கைக்கே தெரியும்.

அளவுகோலைத் தாண்டி இன்னொரு குறை. வெளிநாட்டு ஆய்வுகள் பல, கோடைக்கால விந்தையும் மற்ற பருவத்து விந்தையும் ஒப்பிட்டு ‘வெப்பத்தின் விளைவு’ என்று எழுதுகின்றன. ஆனால் அங்கே கோடை என்றால் நீண்ட பகலும்கூட. பகல் நீண்டால் குளிர்நாட்டுக் கிடாய்களின் விதையே சிறுத்துவிடும், வெப்பம் இருந்தாலும் இல்லாட்டியும். எகிப்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட 4 மணி நேர வித்தியாசம். 12 டிகிரி அட்சத்தில் இருக்கும் நம்ம ஊரில் ஒன்றரை மணி நேரம்தான். அவங்க வரைபடத்தில் வெயிலோட பங்கு எவ்வளவு, வெளிச்சத்தோட பங்கு எவ்வளவு? பிரிக்காமல் இங்கே கொண்டுவரக் கூடாது.

நம்ம நாட்டு ஆய்வுகளில் ராஜஸ்தான் அவிகாநகர் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை எனக்கு உசத்தி. மால்புரா பெட்டை ஆடுகளில் வெப்பம், தீவனக் குறைவு, நடை மூன்றையும் சேர்த்துச் சோதித்தார்கள். உண்மையான மேய்ச்சல் அப்படித்தானே இருக்கு. மே மாசத்தில் வெயில் மட்டுமா தாக்குது, வயிறும் காயுது. கூண்டுக்குள் 40 டிகிரி வைத்து எடுத்த எண், காட்டில் வரும் எண் ஆகாது. கூண்டில் மேலே சூரியன் இல்லை, கீழே கொதிக்கும் பாறையும் இல்லை.

நான் கேட்பது சின்ன வேலை. சேலம் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கேயும் காரிமங்கலம் பக்கத்துப் பட்டிகளிலும், மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் பொலிகிடாய்களின் விதைப்பைத் தோல் வெப்பத்தை எழுதி வைக்கணும். அதே கிடாய்களின் விந்தை ஜூலையில் பார்க்கணும். ராத்திரி பை எவ்வளவு குளிருது என்பதில்தான் பாதி விடை இருக்கும் என்பது என் சந்தேகம். தகரக் கூரைக்குக் கீழே நெருக்கி அடைத்த கிடாய்க்கும், திறந்தவெளிப் பட்டியில் படுத்த கிடாய்க்கும் அந்த நாலு மணி எண் ஒன்றாகவா இருக்கும்?