சேவை அறிவியல்: பெயர் வளர்ந்தது, கணக்கு வளர்ந்ததா?

இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பெயர்கள் உங்களுக்குப் பழக்கமானவை. 'சேவை அறிவியல்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வெளிநாடுகள் சிலவற்றில் இப்பெயரில் பாடங்கள் நடத்தப்படுகின்றன. ஆராய்ச்சி நிலையங்கள் இயங்குகின்றன. தனி ஆராய்ச்சி இதழ்களும் வெளிவருகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை 2004-ஆம் ஆண்டுக்குப் பின்னர் தோன்றியவை. ஓர் அறிவியல் துறைக்கு இருபது ஆண்டு என்பது குழந்தைப் பருவமே. குழந்தை நன்கு வளர்கிறதா என்று எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேவை என்பது எது?

ஒரு சட்டையை விலைக்கு வாங்கினால் அது உங்கள் கைக்கு வந்து சேருகிறது. முடி வெட்டிக்கொண்டால் கைக்கு ஒன்றும் வருவதில்லை. ஆயினும் கூலி கொடுக்கிறீர்கள். மருத்துவர், ஆசிரியர், பஸ் ஓட்டுநர், வங்கி எழுத்தர், தபால்காரர் ஆகியோரின் உழைப்பும் இத்தகையதே. இந்த உழைப்பின் பயனைக் கிடங்கில் அடுக்கி வைக்க இயலாது. காலை ஏழு மணிப் பஸ்ஸில் காலியாகச் சென்ற இருக்கையை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எடுத்துக் கொடுக்க முடியுமா?

மற்றொரு தன்மையும் உண்டு. முடி வெட்டுபவர் எவ்வளவு திறமைசாலியாயினும், நீங்கள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தால்தான் வேலை நடக்கும். நோயாளி தன் உடல்நிலையைச் சொல்ல வேண்டும். மாணவன் பாடத்தைக் கவனிக்க வேண்டும். பெறுபவரின் நேரமும் ஒத்துழைப்பும் சேராமல் பெரும்பாலான சேவைகள் நிறைவேறா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்குத் தேவைப்படும்.

பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலம் சேவையைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட தமது நூலில், வீட்டு வேலைக்காரர் முதல் அரசர் வரை, மருத்துவர், வழக்கறிஞர், நடிகர், பாடகர் அனைவரையும் செல்வத்தைப் பெருக்காத உழைப்பாளிகள் என ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டார். ஆனால் காலம் மாறியது. அமெரிக்காவில் உழைப்போருள் பாதிப்பேருக்கு மேல் பண்டம் எதையும் உற்பத்தி செய்யாத வேலைகளில் இருக்கிறார்கள் என்று விக்டர் பூக்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1968-இல் எடுத்துக்காட்டினார். பாதிப்பேர் செய்யும் வேலைக்கு ஓர் அறிவியல் வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது இயல்பே.

பெயருக்கு முன்பே பிறந்த அறிவியல்

உண்மையில் அத்தகைய அறிவியலின் ஒரு பகுதி அதற்கும் முன்பே பிறந்துவிட்டது. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர், ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் வரக்கூடும், அவற்றுக்கு எத்தனை இணைப்புகள் வேண்டும் என்ற கேள்விக்கு நிகழ்தகவுக் கணிதத்தால் விடை தேடினார். அவருடைய முதற் கட்டுரை 1909-இல் வெளிவந்தது. அதிலிருந்து வளர்ந்ததே 'வரிசைக் கோட்பாடு'.

அதன் வலிமையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஓர் அலுவலகத்தில் ஒரே ஜன்னல்; ஒருவருக்கு வேலை முடிய சராசரி 5 நிமிடம் ஆகிறது. மக்கள் முன்னறிவிப்பின்றி அவரவர் வசதிப்படி வருகிறார்கள். வேலை நேரமும் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. எழுத்தர் தம் நேரத்தில் 80 சதவீதம் வேலை செய்தால், வருபவர் வரிசையில் நிற்கும் நேரம் சராசரி 20 நிமிடம். அவர் 90 சதவீதம் வேலை செய்தால், நிற்கும் நேரம் 45 நிமிடம். 95 சதவீதம் என்றால் 95 நிமிடம்!

இந்த எண்களை இருபுறமிருந்தும் பாருங்கள். 80 சதவீதத்தில் எழுத்தர் மணிக்கு 12 நிமிடம் சும்மா இருக்கிறார். 95 சதவீதத்தில் 3 நிமிடமே சும்மா இருக்கிறார். அலுவலகத்துக்கு மிச்சம் மணிக்கு 9 நிமிடம். ஆனால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கூடுதல் செலவு 75 நிமிடம். மணிக்கு 11 பேர் வருவதாகக் கொண்டாலும் அது 13 மணி நேரத்துக்கு மேலாகிறது. எழுத்தரின் ஓய்வு வீண் என்று நினைத்தோம். அந்த ஓய்வே வரிசையைக் குறைத்து வைத்திருந்தது. நம் உள்ளுணர்வுக்கு எட்டாத ஒன்றைக் கணக்கிட்டுச் சொல்லும் இதனை அறிவியல் என்பதில் யாருக்கும் ஐயம் இராது.

பெயர் வந்த வரலாறு

வாணிகவியல் அறிஞர்களும் இத்துறையில் இறங்கினர். உணவு விடுதியையும் தொழிற்சாலைபோல் ஒழுங்குபடுத்தலாம் என்று தியோடர் லெவிட் 1972-இல் எழுதினார். அவர் காட்டிய உதாரணம் மெக்டொனால்ட்ஸ் விடுதி. கட்டடத்துக்கு வரைபடம் போடுவதுபோல் சேவைக்கும் வரைபடம் போடலாம் என்று லின் ஷோஸ்டாக் 1984-இல் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது தெருமுனையில் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் தொழில். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியரான பரசுராமனும், ஸைதாம்ல், பெர்ரி ஆகிய இருவரும் 1988-இல் சேவையின் தரத்தை அளக்க 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர்.

இவற்றையெல்லாம் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர முனைந்தது ஒரு கம்பெனி. ஐ.பி.எம். என்றால் கணிப்பொறி செய்யும் நிறுவனம் என்பதே பழைய எண்ணம். ஆனால் 2005-ஆம் ஆண்டளவில் அதன் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி, பிற நிறுவனங்களுக்குச் செய்த சேவைகளிலிருந்து வந்தது. அதற்கேற்ற ஆட்களைப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கவில்லை. அதன் அல்மேடன் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஜிம் ஸ்போரரும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹென்றி செஸ்பரோவும் 2004-ஐ ஒட்டிப் புதிய துறைக்குக் குரல் கொடுத்தனர். அவர்கள் காட்டிய முன்மாதிரி கணிப்பொறி அறிவியல். ஐ.பி.எம். 1945-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தது. கணிப்பொறி அறிவியலுக்கென அமெரிக்காவின் முதல் தனித்துறை 1962-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் தோன்றியது. அதுபோல் மீண்டும் ஒரு துறையை வளர்க்கலாம் என எண்ணினர்.

வளர்ச்சி வேகமாகவே இருந்தது. அமெரிக்கக் கணிப்பொறியாளர் சங்கத்தின் இதழ் 2006 ஜூலையில் இத்துறைக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தில் 'சேவை அறிவியல்' என்ற சொல் இடம்பெற்றது. 2008-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஐ.பி.எம். ஒத்துழைப்புடன் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 2012-இல் ஜப்பானில் இதற்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது.

கம்பெனி கேட்டது, அறிவியல் சொன்னதா?

ஒரு கம்பெனியின் தேவையால் பிறந்தது என்பதற்காக ஒரு துறையைக் குறைத்து மதிப்பிடலாமா? கூடாது. வெப்ப இயக்கவியல் நீராவி எந்திரத்தின் தேவையால் பிறந்ததே. ஆனால் 1824-இல் கார்னோ என்ன செய்தார்? எந்திரம் விற்பவர்களுக்கு இனிப்பான செய்தியைச் சொல்லவில்லை. எவ்வளவு சிறந்த எந்திரமாயினும் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு என்றார். எர்லாங்கின் வழியில் வந்த கணக்கும் அத்தகையதே: ஆளைக் குறைத்தால் வரிசை எப்படி நீளும் என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. தன்னை அழைத்தவருக்கு வேண்டாத உண்மையையும் சொல்வது அறிவியலின் அடையாளம்.

இந்த உரைகல்லில் சேவை அறிவியலை உரைத்துப் பார்ப்போம். அதன் அடிப்படைக் கருத்துகளில் ஒன்றை 2004-இல் வார்கோ, லஷ் என்ற இருவர் வகுத்தனர். சேவையின் பயனை நிறுவனம் மட்டும் உண்டாக்குவதில்லை. பெறுபவரும் சேர்ந்தே உண்டாக்குகிறார் என்பது அக்கருத்து. முடிவெட்டும் கடையில் நாம் கண்டதும் இதுதானே? நல்ல கருத்து. அப்படியானால் பெறுபவர் செலவிடும் உழைப்பும் நேரமும் கணக்கில் ஏற வேண்டும் அல்லவா? அங்கேதான் குறை தொடங்குகிறது.

1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கையாளரே பண்டங்களை எடுத்துக்கொள்ளும் மளிகைக் கடையைத் திறந்தார். இன்று பணம் எடுப்பது, டிக்கெட் பதிவு செய்வது, படிவம் நிரப்புவது என எத்தனையோ வேலைகள் நம் கைக்கு வந்துவிட்டன. இவற்றால் நமக்கு நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. நள்ளிரவிலும் பணம் கிடைக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். உற்பத்தித்திறன் என்பது கிடைத்த பயனைக் கூலி பெற்ற உழைப்பு நேரத்தால் வகுத்து வருவது. எழுத்தரின் வேலை உங்கள் தலைக்கு மாறினால் கூலி நேரம் குறையும், உற்பத்தித்திறன் ஏறும். வேலை மறையவில்லை, இடம் மாறியது. அதை நீங்கள் ஒரு மணி நேரம் தடுமாறிச் செய்தாலும் எந்தப் புத்தகத்திலும் பதிவாவதில்லை. ஜெர்ஷுனி என்ற ஆங்கிலேய அறிஞர் இப்போக்கை 1978-இலேயே ஒரு நூலில் விளக்கினார். புதிய துறையினருள் சிலரும் இதைப் பேசுகிறார்கள். ஆனால் அது துறையின் நடுவிடத்துக்கு இன்னும் வரவில்லை.

தரத்தை அளக்கும் கோலிலும் இதே குறை. மேலே சொன்ன 22 கூற்றுகள் அளப்பது, பெறுபவர் எதிர்பார்த்ததற்கும் அவர் கிடைத்ததாக உணர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை. எதிர்பார்ப்பைக் கழிக்கும் இம்முறை பொருந்தாது என்று கிரோனின், டெய்லர் ஆகிய இருவர் 1992-இலேயே வாதிட்டனர். மூன்று மணி நேரம் நின்றே பழகிய ஒருவரிடம் கேளுங்கள். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தால் 'திருப்தி' என்பார். அவருடைய பொறுமையை அளந்துவிட்டுச் சேவையை அளந்ததாக நாம் எண்ணிக்கொள்ளலாமா? கேள்வித்தாளோடு கடிகாரமும் வேண்டும்.

கம்பெனியை மட்டும் நம்பி வளரும் துறைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 2021-இல் ஐ.பி.எம். தன் சேவைத் தொழிலின் ஒரு பெரும் பகுதியைக் கிண்ட்ரில் என்ற தனி நிறுவனமாகப் பிரித்து அனுப்பிவிட்டது. கம்பெனியின் நாட்டம் மாறலாம், அது வணிகம். அறிவியலின் கேள்விகள் அதனோடு சேர்ந்து மாறக்கூடாது.

இருபுறமும் எழுதிய கணக்கு

இருபுறக் கணக்கு நடைமுறைக்கு ஆகுமா என்று கேட்கிறீர்களா? மதுரையைப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். லெவிட் வியந்த அதே மெக்டொனால்ட்ஸ் முறை அவரையும் ஈர்த்தது. அறுவை அறையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாகிறார். அரிதான மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. இது ஒரு புறம்.

மறுபுறம், ஏழை நோயாளிக்குச் சிகிச்சை இலவசமானாலும் பஸ் கட்டணமும், உணவுச் செலவும், இழந்த கூலியும் இலவசமல்ல என்பதை அவர்கள் உணர்ந்தனர். கிராம முகாமில் கண்டறிந்த நோயாளிகளைப் பஸ்ஸில் அழைத்து வந்து, உணவளித்து, திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு அதனால் வந்தது. பெறுபவரின் செலவு கணக்கில் ஏறியது. இப்பணி தொடங்கியபோது 'சேவை அறிவியல்' என்ற பெயர் பிறக்க இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன!

ஆகவே, மாணவ நண்பர்களே, இத்துறையை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது எடுத்துக்கொண்ட கேள்வி பெரிது; எர்லாங் தந்த அடித்தளம் உறுதியானது. ஆனால் இப்பெயரில் ஒரு பாடம் உங்களை அழைக்குமானால், ஜன்னலுக்கு உட்புறம் இருப்பவரின் நேரத்தோடு வெளிப்புறம் நிற்பவரின் நேரமும் அதில் அளக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

அளக்கும் வழி எளிது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி ஒன்று போதும். தபால் நிலையமோ, மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவோ, வரிசை பெரிதும் கூடாமல் குறையாமல் இருக்கும் நேரத்தில் சில தடவை எண்ணிச் சராசரி காணுங்கள். நிற்பவர்கள் 30 பேர். மணிக்கு வந்து சேருபவர்கள் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 20-ஆல் வகுத்தால் 1½. ஒருவர் சராசரியாக ஒன்றரை மணி நேரம் நிற்கிறார். யாரிடமும் திருப்தியா என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு தாளில் இதைக் குறித்து, அந்த அலுவலகத்தின் பொறுப்பாளரிடம் பணிவாகக் கொடுத்துப் பாருங்கள்.