காய்ச்சல் வராத ஆம்பிளை

ஜோசப் கொன்ராட்டின் 'ஹார்ட் ஒஃப் டார்க்னஸ்' (1899) ஏகாதிபத்தியத்தை அம்பலப்படுத்திய குறுநாவல் என்பர் சிலர். சினுவா ஆச்செபேயோ 1975இல் ஆற்றிய உரையில் அதனை இனவாதப் பிரதி எனச் சாடினார். ஆபிரிக்கா அதில் வெறும் பின்னணியாகிவிட்டது என்பது அவரது வாதம். அது சரிதானா என்று பார்க்க, நாவலில் யார் யாருக்கு வருத்தம் வருகிறது, அது எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனித்தால் போதும் என்பது என் எண்ணம்.

கொன்ராட் 1890இல் கொங்கோ போய், காய்ச்சலாலும் வயிற்றுளைவாலும் உடல் கெட்டுத் திரும்பியவர். சுகமில்லாத உடம்பு என்னவென்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தந்த வியாபார நிலையத்து மனேஜரை அவ்வளவு கூர்மையாக எள்ளி நகையாட அவருக்கு முடிகிறது. மனேஜரிடம் படிப்புமில்லை, திறமையுமில்லை. மும்மூன்று வருடமாக மூன்று தவணை இருந்தும் அவர் படுக்கையில் விழவில்லை. பதவி கிடைத்தது ஒருவேளை அதற்காகத்தான் என்கிறான் கதைசொல்லி மார்லோ. 'ஆம்பிளையெண்டா தாங்கணும்' என்று நாம் லேசாகச் சொல்வது அங்கே உத்தியோகத் தகுதி!

கணக்காளரிடம் வரும்போதோ இந்த எள்ளல் தளர்ந்துவிடுகிறது. கஞ்சி போட்ட கொலர், வெள்ளை உடுப்பு. அவரது அறையில் வருத்தக்கார ஏஜன்ட் ஒருவரைக் கிடத்தியிருக்கிறார்கள். அந்த முனகலால் கணக்குப் பிழைக்கும் என்று அவர் சலித்துக்கொள்கிறார். அதைக் கேட்டும் மார்லோ அவரை மதிக்கிறான். அந்த உடுப்பில் அவன் காண்பது மனவுறுதியை. அதன் பின்னால் இருப்பதோ விருப்பமில்லாமல் அந்த வேலைக்குப் பழக்கப்பட்ட ஆபிரிக்கப் பெண்ணொருத்தியின் உழைப்பு. அவளுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வரிதான்.

அதே நிலையத்து மரநிழலில் பசியாலும் நோயாலும் சாகும் தொழிலாளரைக் கொன்ராட் உருக்கமாகவே எழுதியிருக்கிறார். அதை மறுக்க ஏலாது. ஆனால், வெள்ளையருக்கு வரும் காய்ச்சல் அவர்களின் குணத்தை அளக்கும் சோதனையாகிறது. தொழிலாளரின் நோயோ மார்லோ பார்த்துவிட்டுக் கடந்துபோகும் காட்சியாக நின்றுவிடுகிறது. நோயில் சாகும் குர்ட்ஸுக்கு இறுதி வார்த்தைகள் உண்டு. மரநிழலில் கிடப்பவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயரில்லை.

ஆச்செபே சொன்ன 'பின்னணி' எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. வியாபாரிகளின் ஆண்மையைக் கேலி செய்யத் துணிந்த கொன்ராட், தாங்குகிறவனே மனிதன் என்ற அவர்களின் அளவுகோலைக் கைவிடவில்லை. அந்த அளவுகோலை யாருக்கு வைப்பது, யாருக்கு வைக்காமல் விடுவது என்பதிலேயே நாவலின் அரசியல் இருக்கிறது.