அழைப்பு எனும் அணிகலன்

புகழ்மாலை சூட்டுவது எளிது. உரிமை வழங்குவது அரிது. ஆசிரியரைத் தெய்வத்துக்கு நிகராக வைத்துப் பேசிப் பழகியவர்கள் நாம். அவருடைய ஊதியத்துக்கும் உரிமைக்கும் குரல் எழும்போது, ‘தொண்டு’ என்று சொல்லி வாயடைப்பதும் இங்கே பழக்கந்தான். இதே நோயை வேறொரு நாட்டில், வேறோர் ஆடையில் காண்கிறோம். அமெரிக்காவின் லூதரன் கல்லூரிகள் பள்ளி ஆசிரியரை உருவாக்கும் மரபையே இங்கே ஆராய முற்படுகிறோம்.

குறையை மட்டுமே தேடுவது திறனாய்வாகாது. நிறையை முதலில் கூறுவோம். 1524-இல் மார்ட்டின் லூதர் ஜெர்மன் நகர மன்றத்தாருக்கு ஒரு மடல் வரைந்தார். பீரங்கிக்கும் பாலத்துக்கும் சாலைக்கும் ஆண்டுதோறும் பணத்தைக் கொட்டும் நகரம், பள்ளிக்கூடத்துக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்று அதில் கேட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் பள்ளி வேண்டும் என்றார். ஆன்மா என ஒன்று இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், உலக வாழ்வு செம்மையாக நடப்பதற்காகவேனும் கல்வி வேண்டும் என்று வாதாடினார். சமயவாதியின் பேனாவில் பிறந்த இவ்வாதம் பகுத்தறிவாளரின் படைக்கலமன்றோ!

ஆனால் அதே கை 1529-இல் வினாவிடை நூலையும் எழுதியது. வினாவும் அச்சிட்டது, விடையும் அச்சிட்டது, மாணவனுக்கு மிஞ்சியது மனப்பாடம்! கதவைத் திறந்தவரே தாழ்ப்பாளையும் செய்துவைத்தார். இவ்விரண்டும் சேர்ந்ததே லூதரன் கல்வி மரபு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழிலேயே பள்ளி நடத்திய சீகன்பால்கு சுமந்து வந்ததும் இம்மரபையே.

சாக்சனியிலிருந்து 1839-இல் மிசௌரிக்குக் குடியேறிய ஜெர்மானியர், பிற ஜெர்மன் லூதரன்களோடு கூடி 1847-இல் ஒரு சபையை அமைத்தனர். அச்சபைப் பள்ளிகளுக்காக இல்லினாய்ஸ் மாநிலத்து அடிசனில் 1864-இலும், நெப்ராஸ்கா மாநிலத்து சூவர்டில் 1894-இலும் ஆசிரியர் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. லூதரன் பள்ளி ஆசிரியர் கணக்கும் இலக்கணமும் கற்பித்ததோடு நிற்கவில்லை. கோயிலில் ஆர்கன் வாசித்தார், பாடற்குழுவையும் நடத்தினார். வகுப்பறைக்கும் வழிபாட்டறைக்கும் இடையே சுவர் எழவில்லை.

அந்த ஆசிரியர் கோழையா? இல்லை. முதல் உலகப்போர் மூட்டிய ஜெர்மன் வெறுப்பில், எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு வேற்றுமொழி கற்பிப்பதை 1919-இல் நெப்ராஸ்கா அரசு குற்றமாக்கியது. லூதரன் பள்ளி ஆசிரியர் ராபர்ட் மேயர், 1920-இல் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் கற்பித்தார். 25 டாலர் தண்டம் விதித்தார்கள், அவர் பணிந்தாரில்லை. 1923-இல் உச்சநீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. மொழித் திணிப்பை எதிர்த்துச் சிறை கண்ட நாட்டுக்கு இவ்வெற்றியின் அருமையை விளக்கவும் வேண்டுமோ!

அரசிடம் உரிமை கேட்ட அம்மரபு, தன் ஆசிரியைக்கு உரிமை தந்ததா? ‘அழைக்கப்பட்ட ஆசிரியர்’ என்பது இச்சபையில் உயர்ந்த நிலை. அதனை எய்த, இறையியலில் எட்டுப் பாடங்களை முடித்து, லூதரன் கல்லூரிப் பேராசிரியர் குழுவின் முன் வாய்மொழித் தேர்விலும் வெல்ல வேண்டும். மிச்சிகன் மாநிலத்து ஓசன்னா-தபோர் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆறாண்டு உழைத்து அத்தகுதியை அடைந்தார். 2004-இல், அடக்கவொண்ணா உறக்கத்தில் ஆழ்த்தும் நோய் அவரைப் பற்றியது. விடுப்புக்குப் பின் 2005-இல் அவர் திரும்பியபோது பள்ளி ஏற்கவில்லை. வழக்காடுவேன் என்றார், ‘அழைப்பு’ பறிக்கப்பட்டது.

உடற்குறையுடையோரைக் காக்கும் சட்டம் இருந்தது. எனினும் 2012-இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாகக் கைவிரித்தது. காரணம்? அவர் சமயக் குருவுக்கு ஒப்பானவராம்! நாளொன்றில் சமயப் பணிக்கு அவர் செலவிட்டது ஏறத்தாழ 45 நிமிடம். கடிகாரம் கொண்டு இதனைத் தீர்க்க இயலாது என்றது தீர்ப்பு.

சபை தன் குருமாரைத் தானே தேர்ந்துகொள்ளட்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பாடமும் குருத்துவமா? அழைப்புப் பெறாத ஆசிரியர்களும் அப்பள்ளியில் அதே வேலையைத்தானே செய்தனர்! 2020-இல், கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகள் இருவர் வழக்கில், குருப்பட்டம் ஏதும் இல்லாதோர்க்கும் இவ்விலக்கு நீட்டப்பட்டது. பட்டம் பெற்றவரும் காப்பிழந்தார், பெறாதவரும் காப்பிழந்தார்.

ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்படும் இளைஞர்களே! எந்தக் கல்லூரியாயினும் இரண்டைக் கேளுங்கள். விடையோடு வினாவும் எங்களுக்கு உரியதா? மரியாதையோடு வழக்காடும் உரிமையும் உண்டா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்பதே கல்விக்கூடம். மற்றவை சூட்டும் மாலை மணக்கலாம். அதன் நார் கழுத்தை இறுக்கும்.