விதுமாவியின் மகன்

டோல்கியனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலைப் படித்து முடித்த பலர் அதன் பின்னிணைப்பைத் திறப்பதே இல்லை. கதைதான் முடிந்துவிட்டதே, இனி ராஜாக்கள் பட்டியல்தானே என்று மூடிவைத்துவிடுகிறார்கள். அந்த நாவலில் என் மனதுக்கு மிக நெருக்கமான மனிதர் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறார். எல்டகார் என்று பெயர், கோண்டோர் நாட்டு மன்னர். சில பத்திகளில் முடிந்துவிடுகிற வாழ்க்கை. ரத்தம், குலம், கலப்பு என்ற மூன்றையும் வைத்து எழுதப்பட்ட கற்பனைக் கதைகளில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் படித்ததில்லை.

கோண்டோரின் அரசகுலம், கடலில் மூழ்கிப்போன நூமெனோர் தீவிலிருந்து தப்பி வந்தவர்களின் வழி. அந்த ரத்தத்துக்கு ஒரு கொடை உண்டு: நீண்ட ஆயுள். 200 வயதைத் தாண்டுவது அரசர்களுக்குச் சாதாரணம். அந்தக் குலத்து இளவரசன் வலகாரை அவன் தந்தை 1250-ஆம் ஆண்டில் வடக்கே ரோவானியனுக்குத் தூது அனுப்புகிறார். (ஆண்டுக்கணக்கு டோல்கியனுடைய உலகத்தின் மூன்றாம் யுகத்துக்குரியது.) அங்கே விதுகாவியா என்ற தலைவன் தன்னை அரசன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களுடைய மொழியையும் பழக்கவழக்கத்தையும் மகன் தெரிந்துகொண்டு வரட்டும் என்பது தந்தையின் எண்ணம். போனவனுக்கோ அந்த மண்ணும் மனிதர்களும் பிடித்துப்போயின. விதுகாவியாவின் மகள் விதுமாவியைக் கல்யாணம் செய்துகொண்டான். 1255-இல் மகன் பிறந்தான், அதுவும் அம்மாவின் ஊரிலேயே.

அந்தக் குழந்தையின் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். சின்ன வயதில் அவன் வினிதார்யா. கோண்டோரில் அவன் எல்டகார். டோல்கியன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். மாணவப் பருவத்திலேயே காத்திக் மொழியின் மேல் தீராத காதல் கொண்டவர். பேசுவார் இல்லாமல் மறைந்துபோன அந்த மொழியிலிருந்துதான் தாய்வழிப் பெயர்களை எடுத்திருக்கிறார். விதுமாவி என்றால் காட்டு மங்கை. வினிதார்யா என்ற பெயரின் சாயலில் காத் இனத்தின் பழைய வரலாற்றிலேயே ஒரு மன்னன் உண்டு. தகப்பன் வழிப் பெயரோ அவரே உருவாக்கிய எல்ஃப் மொழியில். ஒரு பிள்ளை, இரண்டு பெயர், இரண்டு மொழிக் குடும்பங்களின் ஓசை. கலப்பு என்ற சொல்லை எழுதாமலே அதைக் காதில் விழச் செய்துவிடுகிறார்.

கோண்டோரின் பிரபுக்கள் முகம் சுளிக்கிறார்கள். தாய் உயர்ந்த குணம் கொண்டவள், அழகி. ஆனால் அவள் இனத்துக்கு ஆயுள் குறைவு. அரியணைக்கு வரும் சந்ததியும் அப்படியே ஆகிவிட்டால்? இந்தப் பயத்தை டோல்கியன் முட்டாள்தனம் என்று ஒதுக்குவதில்லை. அந்த உலகத்தில் ரத்தத்துக்கு உண்மையாகவே எடை இருக்கிறது.

1432-இல் வலகார் இறந்ததும் பங்காளிச் சண்டை மூள்கிறது. எதிரே நிற்பவன் கப்பற்படைத் தலைவன் காஸ்டமிர். இருவரும் அண்ணன் தம்பி வழிப் பேரன்கள். காஸ்டமிருக்குக் கலப்பில்லாத ரத்தம். 1437-இல் தலைநகரம் ஓஸ்கிலியாத் எரிகிறது. தொலைவில் நடப்பதைக் காட்டும் பலந்தீர் கல் ஆற்றோடு போகிறது. எல்டகாரின் மூத்த மகன் ஒர்னெண்டில் சிறைப்பட்டுக் கொல்லப்படுகிறான். நாடிழந்த எல்டகார் போய்ச் சேர்ந்த இடம் அம்மா பிறந்த வீடு. எந்த உறவைக் குறையென்று சொல்லி அவரை விரட்டினார்களோ, அந்த மாமன் வீட்டார்தான் அவருக்குப் படை கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1447-இல் திரும்பி வந்து, எருயி ஆற்றுத் துறையில் காஸ்டமிரைத் தன் கையாலேயே கொன்றார்.

இந்தக் கதையின் உச்சம் எனக்கு அந்தப் போர் அல்ல. அதற்குப் பிறகு வரும் ஓர் எண். எல்டகார் 1490-இல் இறந்தபோது அவருக்கு வயது 235. ஆயுள் குறைந்துவிடும் என்ற பயத்தில்தான் ஊரை எரித்தார்கள், ஒரு பிள்ளையைக் கொன்றார்கள். பயந்தது நடக்கவே இல்லை. டோல்கியன் நீட்டி வாதாடவில்லை, யாரையும் பேச வைக்கவும் இல்லை. பயந்தபடி ஆகவில்லை என்று ஒரு வரியில் சொல்லி, ஒரு வயதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் தடவை படித்தபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

காஸ்டமிரின் பிள்ளைகள் தெற்கே ஊம்பார் துறைமுகத்துக்கு ஓடிக் கடற்கொள்ளையர் ஆனார்கள். கலப்பில்லாத அந்தக் கொடிவழியின் கடைசி ஆட்கள் 1810-இல் அங்கேயே அழிந்தார்கள்.

டோல்கியன் பிறப்பை ஒன்றுமில்லை என்று சொன்னவர் அல்ல. நாவலின் காலத்தில் கோண்டோரை ஆளும் டெனெதோரின் உடம்பில் நூமெனோர் ரத்தம் ஏறக்குறைய மாறாமல் ஓடுகிறது என்று மந்திரவாதி காண்டால்ஃப் சொல்லும் இடம் உண்டு. அந்த இடம் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் பரம்பரையை மதித்த ஒருவர் எழுதியதால்தான் எல்டகார் கதைக்கு இத்தனை கனம். நிஜ வாழ்க்கையில் ரத்தத் தூய்மை பேசியவர்களோடு அவர் ஒத்துப்போகவும் இல்லை. 1938-இல் அவருடைய 'தி ஹாபிட்' நாவலை மொழிபெயர்க்க விரும்பிய ஜெர்மன் பதிப்பகம் ஒன்று, அவர் ஆரிய வம்சமா என்று கேட்டு எழுதியது. நான் யூதனா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அந்தத் திறமைமிக்க மக்களில் எனக்கு முன்னோர் இல்லாதது வருத்தமே என்று அவர் பதில் தயாரித்தார்.

நாவலின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். மினாஸ் டிரித் நகரத்து வைத்தியசாலையின் மதில்மேல், போரில் அடிபட்டுத் தேறிய வடநாட்டு வீராங்கனை ஏயோவின் நிற்கிறாள். கோண்டோரின் காப்பாளன் ஃபராமிர் தன் காதலைச் சொல்கிறான். நூமெனோர் குலத்தில் ஒரு பெண் கிடைக்காமலா வடக்கத்திக் காட்டுப் பெண்ணைப் பிடித்தாய் என்று உன் மக்கள் பேசமாட்டார்களா என்று அவள் கேட்கிறாள். பின்னிணைப்பைப் படித்திருந்தால் அந்தக் கேள்வியின் வயது தெரியும்: ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல். விதுமாவியைப் பார்த்து ஊர் பேசியதும் அதுதானே. ஏயோவினின் முன்னோர் தங்களை ரோவானியன் அரசர்களின் வழி என்றும், எல்டகார் வழிவந்த மன்னர்களுக்கு உறவு என்றும் சொல்லிக்கொண்டவர்கள். அந்த மாமன் வீட்டுப் பெண்தான் இப்போது மதில்மேல் நிற்கிறாள்.

பேசட்டும் என்கிறான் ஃபராமிர். வெயிலில், திறந்த வானத்தின் கீழ், மதில்மேல் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல், அவளை அணைத்து முத்தமிடுகிறான்.